வாசலில் நிற்பவர் யார்?

இளையான்குடி மாற நாயனாரின் இல்லத்துக்கு, மழை பெய்த ஓர் இரவில் முன்பின் அறியாத அடியார் ஒருவர் பசியோடு வந்தார். வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. பகலில் வயலில் விதைத்த நெல்லை வாரிக் கொணர்ந்து, கூரைக் கழியை விறகாக்கி, கணவனும் மனைவியும் அவருக்கு அமுது ஆக்கினர். வந்தவர் சிவபெருமான் என்பது பின்னரே விளங்கிற்று.

அதே பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனார் வரலாறும் இருக்கிறது. திருக்கோவலூர் அரண்மனைக்குள் திருநீறு பூசிய கோலத்தில் நுழைந்த முத்தநாதன், சுவடிக் கட்டுக்குள் மறைத்து வைத்திருந்த கத்தியால் மன்னரைக் குத்தினான். வாசலில் நிற்பவர் இறைவனாகவும் இருக்கலாம், முத்தநாதனாகவும் இருக்கலாம் என்பதைச் சேக்கிழார் பெருமான் மறைக்கவில்லை. ஆதலால், அறியாதவர் கதவைத் தட்டும்போது நெஞ்சு சற்றுத் துணுக்குறுவது பாவமன்று.

எங்கள் வேலூர், ஆம்பூர், பேர்ணாம்பட்டுப் பகுதியில் இந்த அச்சத்துக்குக் காரணமும் உண்டு. காலையிலேயே பெண்கள் ஷூ கம்பெனி வேலைக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். பகல் முழுதும் பல வீடுகளில் இருப்போர் முதியோரும் சிறு பிள்ளைகளுமே. குடிக்கத் தண்ணீர் கேட்டுச் சங்கிலியைப் பறிப்போரும், நகைக்கு மெருகு போடுவதாகச் சொல்லி ஏமாற்றுவோரும் தேடுவது இத்தகைய வீடுகளைத்தான்.

ஆனால் அச்சம் வாசலோடு நின்றுவிடுவதில்லை. 2018ஆம் ஆண்டில் அது தெருவுக்கு இறங்கியது. குழந்தை கடத்தும் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்ஆப்பில் வதந்தி பரவிற்று. அந்நாட்களில் நாடெங்கும் சுற்றிய காணொளி ஒன்று, பாகிஸ்தானின் கராச்சி நகரில் விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட படம். அதன் இறுதிப் பகுதியை வெட்டிவிட்டு, உண்மை நிகழ்ச்சி போலப் பரப்பினர். ஏப்ரல் இறுதியில் குடியாத்தம் அருகே இந்தி பேசிய ஒருவர் கூட்டத்தாரால் அடித்துக் கொல்லப்பட்டார். மே 9 அன்று, திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில் சென்னையைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி ஒருவர் அவ்வாறே உயிரிழந்தார். உடன் வந்த உறவினர்கள் படுகாயமுற்றனர். அவர்கள் செய்த குற்றம் என்ன? வழியில் வண்டியை நிறுத்தி வழி கேட்டார்கள். அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். அவ்வளவே.

அவர்கள் சென்றுகொண்டிருந்தது தங்கள் குலதெய்வக் கோயிலுக்கு என்பதை எண்ணும்போது நெஞ்சம் நடுங்குகிறது. நாமும் அப்படிச் செல்பவர்கள்தாமே? பாட்டனார் காலத்தில் விட்டு வந்த ஊரைத் தேடி, பெயர்ப்பலகை இல்லாத மண்சாலையில் காரை நிறுத்தி, "அம்மா, கோயிலுக்கு எப்படிப் போகணும்?" என்று எத்தனை கதவுகளைத் தட்டியிருக்கிறோம்! நம் வீட்டு வாசலில் நிற்பவரை அந்நியர் என்கிறோம். அடுத்த ஊரின் வாசலில் நாமே அந்நியர்.

வங்கிப் பணி எனக்குக் கற்றுத் தந்த ஒன்று இங்கே பயன்படும். கணக்குத் தொடங்க வருபவர் எவராயினும் அடையாளச் சான்று கேட்போம். கேட்பதால் அவரைத் திருடர் என்று கருதுவதாகப் பொருளன்று. உட்கார வைத்து, மரியாதையாகவே கேட்போம். சான்று சரியில்லையெனில் கணக்குத் தொடங்க மாட்டோம். அதற்காக அவரைத் தண்டிக்கவும் மாட்டோம்.

வீட்டு வாசலிலும் இது பொருந்தும். சங்கிலியை மாட்டிய கதவின் இடைவெளியிலோ, சன்னல் வழியாகவோ, "யாருங்க, என்ன வேணும்?" என்று இனிய குரலில் கேட்கலாம். மின்வாரியம், எரிவாயு என்று சொன்னால் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லி, அந்த அலுவலகத்துக்கே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளலாம். வங்கியிலிருந்து வந்ததாகச் சொல்லி ஓடிபியோ ரகசிய எண்ணோ கேட்டால் ஒருபோதும் கூறலாகாது. தண்ணீர் கேட்டால், ஒரு செம்பு நீரைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். தாகமும் தீரும், காவலும் கெடாது. ஐயம் தீரவில்லையெனில் 112க்கும், பிள்ளைகள் குறித்த ஐயமாயின் 1098க்கும் தெரிவிக்கலாம். அறியாதவரின் படத்தை எடுத்துக் குழுக்களுக்கு அனுப்புவது மட்டும் வேண்டாம். அடுத்த தெருவில் அவருக்கு என்ன நேரும் என்பது நம் கையில் இராது.

மெய்ப்பொருளார் வரலாற்றின் பிற்பகுதியை நினைவுகூர்வோம். குத்துண்டு வீழ்ந்த மன்னர், வாளை ஓங்கிய மெய்க்காவலன் தத்தனைத் தடுத்து, முத்தநாதனுக்கு எவ்வித இடையூறும் நேராமல் ஊர் எல்லை கடத்திவிடுமாறு பணித்தார். வழியெங்கும் சினந்து சூழ்ந்த மக்களை விலக்கி, தத்தன் அவ்வாறே செய்து திரும்பிச் சொன்ன பிறகே மன்னரின் உயிர் பிரிந்தது. கொலைகாரனையே கூட்டத்திடமிருந்து காத்த மரபு நம்முடையது. வழி தவறி வந்தவரைக் காப்பது நமக்கு அரிதாகுமா?

கதவைத் திறப்பதா வேண்டாமா என்பது நம் உரிமை. தட்டியவர் நலமாக அவர் ஊர் சேரவேண்டும் என்பது நம் வேண்டுதலாகட்டும்.