வயிற்றுக்குக் கால் வழியாக ஒரு பாதை

அரியலூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சிமெண்ட் லாரி ஓட்டுநர்கள் அதிகம் கேட்பது வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டாப்ரசோல். நேரத்துக்குச் சோறு காணாத வயிறுகள். இப்போது சிலர், "அக்கா, மாத்திரைய விட்டுட்டேன், பெரம்பலூர்ல அக்கு பாக்குறேன்" என்கிறார்கள்.

நான் அக்குபங்சரைக் கேலி செய்வதில்லை. 1993இல் ஜப்பானின் அகியோ சாட்டோ குழு, மயக்கத்திலிருந்த எலிகளின் வயிற்றில் ஊசியால் தூண்டியபோது இரைப்பையின் அசைவு அடங்கியது. பின்னங்காலில் தூண்டியபோது கூடியது. முன்னதற்குப் பரிவு நரம்பு காரணம், பின்னதற்கு வேகஸ் நரம்பு. தூண்டல் தண்டுவடத்துக்கும் மூளைத்தண்டுக்கும் போய், அங்கிருந்து வயிற்றுக்கு உத்தரவாகத் திரும்புகிறது. 2021இல் ஹார்வர்டின் சியுஃபு மா குழு இன்னொன்றைக் காட்டியது: சுண்டெலியின் காலில் மின்னூசி (மின்சாரம் செலுத்தும் அக்குபங்சர் ஊசி) வேகஸை எழுப்ப, ஆழ்திசுவில் ஒருவகை உணர்நரம்புகள் இருந்தாக வேண்டும். மனிதர்களிடம், அறுவைக்குப் பிந்தைய குமட்டலைக் குறைப்பதில் மணிக்கட்டிலுள்ள அக்குபங்சர் புள்ளியைத் தூண்டுவதற்குச் சான்று இருக்கிறது.

ஆனால் நம் பக்கம் பரவியிருப்பதில் பெரும்பகுதி ஊசியே இல்லாத, விரலால் தொடும் முறை. மின்னூசி ஆய்வை அதற்குச் சான்றாக நீட்டுவது, மாட்டைக் காட்டி ஆட்டை விற்பது போல. 2019இல் மத்திய அரசு அக்குபங்சரைத் தனி முறையாக அங்கீகரித்தது. அது மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமம் அல்ல. ஹெலிகோபாக்டர் கிருமியால் வந்த வயிற்றுப் புண்ணுக்கு ஆன்டிபயாடிக் வேண்டும்.

அசீரணம், உப்புசமா? அக்குபங்சர் ஊசி போட்டுப் பாருங்கள் தம்பி, எனக்கு வியாபாரம் குறைந்தாலும் பரவாயில்லை. மலம் கறுத்துப் போனாலோ எடை இறங்கினாலோ நேரே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்.