பார்த்தெழுதும் பிள்ளைகள்

கரும்பலகையில் உபாத்தியாயர் எழுதிப்போட்ட ஐந்து வரிகளை, ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் பிசகாமல், முத்து முத்தான கையெழுத்தில் நோட்டில் இறக்கிவிட்டு, தான் எழுதிய அதே வரிகளை வாய்விட்டு வாசிக்கச் சொன்னதும் முதல் சொல்லிலேயே திகைத்து நிற்கிற ஒன்பதாம் வகுப்பு மாணவன் நம் பள்ளிகளில் அபூர்வமானவன் அல்லன். 14 வயது முதல் 18 வயது வரையுள்ள கிராமப்புற இளைஞர்களைப் பற்றிய 2023-ஆம் ஆண்டின் 'அசர்' ஆய்வு, அவர்களுள் ஏறக்குறைய நூற்றுக்கு 25 பேர் தம் மாநில மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தையே சரளமாக வாசிக்க மாட்டாதவர்கள் என்று தெரிவித்தது. தமிழ்நாட்டிலோ, 2022-ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழ்த் தாளில் தேறாதவர்கள் மாத்திரம் 47,000-க்கும் அதிகம்.

இது கண்டு சர்க்கார் சும்மா இருந்தது என்று சொல்வது அநியாயமாகும். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததன் நஷ்டத்தை ஈடுசெய்ய 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. அடுத்த ஆண்டே சிறு பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. 2025-இல் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ளவர்களுக்கெனத் 'திறன்' இயக்கம் வந்திருக்கிறது. பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான் என்பதை விடுத்து, அவனுக்கு எதுவரை தெரியும் என்று பார்த்துத் தொடங்கும் இம்முறை மிகவும் சிலாக்கியமானது என்பதே என் அபிப்பிராயம்.

ஆனால் ஏழு வயதுக் குழந்தைக்குச் செய்வதை அப்படியே பதினான்கு வயதுப் பையனுக்குச் செய்துவிட முடியாது. அரும்பு மீசைக்காரனிடம் காக்கை நரிக் கதையை நீட்டினால், தோழர்கள் பார்க்கிறார்களே என்ற லஜ்ஜையினாலேயே அவன் மறுநாள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிடுவான். சொற்கள் சுலபமாகவும் விஷயம் அவன் வயதுக்குத் தக்கதாகவும், அதாவது கிரிக்கெட், மோட்டார் ரிப்பேர், துப்பறியும் கதை என்று அமைந்த சிறு நூல்கள் அவனுக்கு வேண்டும். மேலும், உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர் இலக்கியமும் இலக்கணமும் போதிக்கத் தயாரானவரே தவிர, அகரம் தொட்டு எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்பிக்கும் வித்தையை அவருக்கு யாரும் முறையாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. பயிற்சி நூலை மாத்திரம் கையில் கொடுத்து, விளைவு வரவில்லையே என்று அவரைக் கடிந்துகொள்வது நியாயமன்று.

எழுத்தின் கதி இதனினும் பரிதாபம். ஊரில் நூலகம் அமைத்துத் தர வேண்டி அதிகாரிக்கு விண்ணப்பம் எழுதுவதை உரைநூலிலிருந்து உருப்போட்டு ஒப்பிக்கிற மாணவன், தன் பள்ளியிலேயே பீரோவுக்குள் பூட்டிக்கிடக்கும் புத்தகங்களைத் தொட்டறியான். ஒரு புத்தகம் காணாமற்போனால் தம் தலையில் அல்லவா விடியும் என்று அஞ்சும் பொறுப்பாசிரியரையும் குறை சொல்வதற்கில்லை. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக, 1948-ஆம் ஆண்டிலேயே, பொது நூலகச் சட்டம் இயற்றிய ராஜ்யம் நம்முடையது என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே கல்வித் துறையார் செய்ய வேண்டுவது: கிழிந்த, தொலைந்த புத்தகங்களை ஆசிரியர் கணக்கில் பற்று எழுதும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பொதுத்தேர்வில் ஒரு வினாவாவது, எந்த உரைநூலிலும் விடை கிடைக்காத விதமாக, மாணவன் தன் தெருவையோ தன் வீட்டுத் தொழிலையோ பற்றித் தன் சொந்த வாக்கியங்களில் எழுதும்படி அமையட்டும். வாரத்தில் ஒருமுறை அத்தகைய பக்கம் ஒன்றை அவன் எழுத, மதிப்பெண் இடாமல் ஆசிரியர் வாசிக்கட்டும். இதற்குப் புதிய திட்டமோ புதிய பெயரோ அவசியமில்லை. நூலகத்துக்கென்று ஒரு பாடவேளையைப் பல பள்ளிகள் கால அட்டவணையில் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கின்றன. பரீட்சை நெருங்குகிறது என்று அதைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்க்காமல் இருந்தால் போதும்.