ஸ்னைப்பர் துப்பாக்கி பேரலில் பள்ளம் பள்ளமா இருக்கே... குறி தப்பாம போக அதுதான் காரணமா?

2017-ல் இராக்கில் கனடா ராணுவ ஸ்னைப்பர் ஒருவர் சுட்ட குண்டு, 3,540 மீட்டர் தள்ளி இருந்த ஐஎஸ் ஆயுததாரியைத் தாக்கியது. கனடா ராணுவமே இதை உறுதி செய்தது. அவர் பயன்படுத்தியது மெக்மில்லன் டாக்-50. அதற்கு முன், 2009-ல் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டில் 2,475 மீட்டரில் சுட்டு அன்றைய சாதனையைப் படைத்தவர் பிரிட்டன் வீரர் கிரேக் ஹாரிசன். அவர் கையில் இருந்தது எல்115ஏ3. பப்ஜி, பிஜிஎம்ஐ ஆடுபவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஏர்டிராப்புக்காக ஓடுவீங்களே, அந்த 'ஏடபிள்யூஎம்' குடும்பம்தான் இது.

இந்த இரண்டின் போட்டோவையும் ஜூம் பண்ணிப் பாருங்க. பேரலின் வெளிப்பக்கம் நீளவாக்கில் பள்ளங்கள் ஓடும். இதற்குப் பெயர் ஃப்ளூட்டிங். சாதனைத் துப்பாக்கிகளில் இருப்பதால், குறி துல்லியமாக விழ இதுதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். நேரடியாகப் பார்த்தால், இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். குண்டைச் சுழல வைத்து நேராகப் போகச் செய்வது பேரலின் உள்ளே இருக்கும் ரைஃபிளிங் வரிகள். ஃப்ளூட்டிங் வெளியே இருப்பது. குண்டு அதைத் தொடுவதே இல்லை.

பள்ளம் போட்டால் பேரல் விறைப்பாகுமா?

சுடும்போது பேரல் லேசாக அதிரும். குண்டு வெளியேறும் நொடியில் அதன் முனை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் இருந்தால்தான் குண்டுகள் ஒரே இடத்தில் விழும். அதற்கு விறைப்பு தேவை.

நெளிவு நெளிவான தகர ஷீட் வளையாதே, அதே மாதிரிதானே இதுவும் என்று கேட்கலாம். அங்கேதான் சறுக்கல். தகர ஷீட்டில் இருக்கிற உலோகத்தை மடிக்கிறார்கள், எதையும் எடுப்பதில்லை. பேரலிலோ இரும்பைச் செதுக்கி எடுத்துவிடுகிறார்கள். ஒரே விட்டமுள்ள இரண்டு பேரல்களில், பள்ளம் போட்டதுதான் விறைப்பு குறைந்தது.

அப்புறம் ஏன் போடுறாங்க? விடை எடையில் இருக்கிறது. நடுவில் இருக்கும் துளையைக் கணக்கில் விட்டுவிட்டால், விட்டத்தை 10% கூட்டும்போது எடை 21% கூடும். விறைப்போ 46% கூடிவிடும். அதனால் முதலில் தடிமனான பேரலை எடுத்து, பிறகு பள்ளம் செதுக்கி எடையைக் குறைக்கிறார்கள். அதே எடையுள்ள ஒல்லி பேரலைவிட இது விறைப்பானது. எல்115ஏ3-யின் எடையே சுமார் 6.8 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிறவருக்கு சில நூறு கிராம் குறைந்தாலே பெரிய விஷயம். தூக்கிச் சுமக்க வேண்டாத, எடை வரம்பும் இல்லாத பெஞ்ச்ரெஸ்ட் போட்டிப் பிரிவில் பெரும்பாலும் பள்ளமே இல்லாத தடித்த பேரல்களைத்தான் பார்க்கலாம்.

சூடு தணியும் என்பது பாதி உண்மை. பைக் என்ஜினில் இருக்கும் தகடுகள் போல வெளிப்பரப்பு கூடும், சீக்கிரம் ஆறும். ஆனால் இரும்பு குறைந்திருப்பதால் ஒவ்வொரு குண்டுக்கும் சூடேறுவதும் சற்று வேகம்தான். ஒன்றிரண்டு குண்டோடு நிறுத்தும் ஸ்னைப்பருக்கு இதனால் பெரிய வித்தியாசம் கிடையாது.

சரியாகச் செய்யாவிட்டால் குறியே கெடும்

உண்மையான ஆபத்து இங்கேதான். பல பேரல்களில் உள்வரிகளைப் போட, கடினமான ஒரு 'பட்டனை' துளைக்குள் அழுத்தி இழுக்கிறார்கள். இதில் இரும்புக்குள் இறுக்கம் தங்கிவிடும். அதை வெப்பப்படுத்தித் தணிக்காமல் வெளியே பள்ளம் வெட்டினால், பிடி விட்ட இடங்களில் உள்துளை மயிரிழை அளவுக்கு விரியும். அதுவும் சீராக விரியாது. பள்ளங்களின் ஆழம் ஒன்றுக்கொன்று மாறினாலோ இன்னொரு தலைவலி. பேரல் சூடாகச் சூடாக ஒரு பக்கமாக வளையும், குண்டு விழும் இடமும் நகர்ந்துகொண்டே போகும். வரிகளை வெட்டி எடுக்கும் முறையில் செய்த பேரல்களில் இந்த இறுக்கம் மிகக் குறைவு.

அதனால் நல்ல தயாரிப்பாளர் செய்த ஃப்ளூட்டிங் துல்லியத்தைக் கூட்டாது, கெடுக்கவும் செய்யாது. வழவழ பேரலை வாங்கிவந்து, பார்க்க கெத்தா இருக்கும்னு பிறகு பள்ளம் வெட்டுவதுதான் வம்பு.

இதே எடைப் பிரச்னைக்கு இப்போது வேறு வழியும் வந்துவிட்டது. ஒல்லியான இரும்புக் குழலின் மேல் கார்பன் ஃபைபரைச் சுற்றிய பேரல்கள். வெளியே பள்ளமே கிடையாது, விலைதான் எகிறும்.