கெரிசுக்கும் ஊர்ப் பேச்சு உண்டு

வானொலிக்கு அழைக்கும் நேயர் இரண்டு வார்த்தை பேசினாலே, எந்தப் பக்கத்து ஆள் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். கெரிசும் அப்படித்தான். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் ஊர்ச் சாயல் உண்டு.

கெரிஸ் நமக்குப் புதிதல்ல. பழைய ஒரு வெள்ளி நாணயத்தில் இருந்தது அதுதானே? அந்த நாணயம் 2005 டிசம்பரில் செல்லாமல் போனது. அதற்கு முந்தைய மாதம்தான் இந்தோனேசியாவின் கெரிஸ் மரபை யுனெஸ்கோ மனிதகுலத்தின் அரிய மரபாக அறிவித்தது.

அலகின் வளைவுகளை எண்ணினால் ஊர் தெரிந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். தெரியாது. வளைவுகள் ஒற்றைப்படையில் இருக்கும். வளைவே இல்லாத கெரிசும் உண்டு. இரண்டும் பல ஊர்களில் கிடைக்கும். முதலில் பிடியையும் உறையையும் பாருங்கள்.

ஜாவா கெரிசின் பிடி மெலிந்து, சற்றே சாய்ந்திருக்கும். அலகு சொரசொரப்பாக இருக்கும். அதை இடுப்பின் பின்பக்கம் செருகுவார்கள். பாலித் தீவில் அலகு பெரிது, மழமழப்பானது. பிடியில் தெய்வமோ அரக்கனோ அமர்ந்திருப்பதும் உண்டு. சுலாவெசியின் பூகிஸ் மக்களுடைய பிடி, கைத்துப்பாக்கியின் பிடிபோல் வளைந்திருக்கும். கெரிஸ் அல்லாதவையும் உண்டு. அச்சேவின் ரென்சோங் ஒரு குத்துவாள். போர்னியோ டாயாக் மக்களின் மண்டாவ் வெட்டுவாள். மான்கொம்பில் செதுக்கிய பிடியே அதன் முகவரி.

பாலிங் வாசகர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் எல்லைக்கு அப்பால் இருக்கும் பெத்தோங், பழைய பத்தானி அரசின் பகுதி. நீண்ட மூக்குள்ள பிடி அந்தப் பக்கத்துக் கெரிசின் அடையாளம். மீன்கொத்தியின் பெயரால் அதைப் ‘பெக்காக்கா’ என்பார்கள். அப்படி ஒன்றைப் பார்த்ததும் ஜாவாவுக்குக் கப்பல் ஏறிவிடாதீர்கள். அது பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம்.

ஒரு சிக்கலும் உண்டு. அலகு ஓர் ஊரிலும், பிடி இன்னோர் ஊரிலும் செய்யப்பட்டிருக்கலாம். உடைந்த பிடியைக் கைமாறிய இடத்தில் மாற்றியிருப்பார்கள். அதனால் “மஜாபாகித் காலத்தது” என்று யாராவது விலை சொன்னால், அலகு, பிடி, உறை மூன்றுக்கும் தனித்தனியாக ஊர் கேளுங்கள்.

தோட்டத்து வீட்டைக் காலி செய்து தாமானுக்குக் குடிபோகும்போது, தாத்தாவுக்குக் கம்பத்து நண்பர் கொடுத்த கெரிஸ் பெட்டியடியில் கிடைத்தால், பழைய இரும்போடு போட்டுவிடாதீர்கள். ஆயுத பூஜைக்கு அரிவாளைத் தேய்ப்பதுபோல் புளி போட்டும் தேய்க்காதீர்கள்; இரும்பும் நிக்கலும் சேர்ந்து அலகில் போட்ட கோலம் மங்கிவிடும். அந்தக் கோலத்தை எடுத்துக்காட்ட ஆர்செனிக் பூசும் வழக்கம் உண்டு. தொட்டால் கை கழுவுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

பிடியைப் பார்த்து ஊரைச் சொல்ல நிபுணர்கள் இருக்கிறார்கள். அது நம் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதைப் பாட்டி மட்டும்தான் சொல்ல முடியும். இந்த வாரமே கேட்டு, ஒரு தாளில் எழுதி, கெரிசோடு வைத்துவிடுங்கள்.