சிப்பியோடு வந்த முருகை

தலைமன்னாரிலிருந்து மாணவ நேயர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கின்றார். கரைவலையில் மீனோடு ஏறிய குப்பையினுள் பொத்தானளவு கல்லொன்று கிடந்ததாம். செத்த கல்லென எண்ணி அதனைச் சில சிப்பிகளோடு தமது உப்புநீர்த் தொட்டியில் இட்டாராம். இரவிலே அதன் மேற்புறத்தில் கபில நிறப் பூவொன்று விரிந்தது. அதுவும் போகட்டும்; மறுநாட் காலையில் அக்கல் ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. முருகை நடக்குமா என்று வினவுகின்றார்.

நடக்கும், ஆயின், தன் காலால் அன்று. மன்னார்க் குடாவின் மணற்றரையில் ஹெற்றரோசமியா, ஹெற்றரோசயாதஸ் என்னும் இரு சிறு முருகை இனங்கள் உள. இவை பாறை கட்டுவன அல்ல. முருகையின் குடம்பி நீந்தித் திரிந்து, உறுதியான ஓரிடத்தில் ஒட்டினாலன்றி வளர்தல் இயலாது. மணற்பரப்பிலே உறுதியான இடம் யாது? வெறுமையான சிறு சங்குகளே. அத்தகைய சங்கொன்றில் கடலைப்புழு எனத் தகும் ஒரு புழு முன்னரே குடியிருக்கும். அதன் கூரைமேல் முருகை ஒட்டி வளர்ந்து, காலப்போக்கிற் சங்கையே மூடிவிடுகின்றது. புழுவோ, அடியிலுள்ள துளை வழியே முகத்தை நீட்டி மண்ணைத் துழாவி, வீட்டையும் வீட்டின்மேல் இருப்பவரையும் சேர்த்து இழுத்துச் செல்கின்றது. முருகை மண்ணுள் புதைந்து மூச்சுமுட்டாமல் தப்புகின்றது; புழுவுக்கோ கல்லாலான கோட்டை கிடைக்கின்றது. வாடகை இருபுறமும் செலுத்தப்படும் இத்தகைய குடித்தனம் மனிதருள் அரிது!

நம் கடலுக்கு இது புதுச் செய்தியன்று. முத்துச்சிப்பிப் பார்கள் வளங்குன்றிய காரணத்தை அறிய 1902-இல் பேராசிரியர் ஹேட்மன் இலங்கைக்கு வந்தார். அவருக்குத் துணையாக வந்தவர் ஜேம்ஸ் ஹோர்ணல். அவர்கள் வாரியெடுத்த தனிமுருகைகளை ஆராய்ந்து கில்பேட் போண் எழுதிய கட்டுரை 1905-இல் வெளிவந்தது. இவ்விரு நடமாடிகளும் அதில் இடம்பெற்றுள்ளன. முத்தைத் தேடியவர் கையில் வேறொரு முத்து அகப்பட்டது எனலாம். 2017-இல் ஜப்பானிய ஆய்வாளர் இதனினும் வியப்பான ஒன்றைக் கண்டனர்: அமாமி தீவருகே, புழு இருந்த இடத்தில் ஒரு சிறு துறவி நண்டு புகுந்து அதே சுமையை இழுத்துச் செல்கின்றதாம்.

எனினும், தொட்டியில் அழையாமல் விரியும் பூவெல்லாம் முருகை அன்று. அறிவது எவ்வாறு? பூ சுருங்கியபின் உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குக. நடுவிலிருந்து ஆரம்போற் பிரியும் மெல்லிய கற்றகடுகள் தெரியின் அது கன்முருகை. சதையேயன்றிக் கல் இல்லையாயின் கடலனிமனியாகலாம்; நீண்ட தண்டும் கண்ணாடி போன்ற பரிசக்கொம்புகளும் உடையதாய், தொட்டவுடன் துளைக்குள் ஒளிவதாயின் அதுவே. அஃது ஒன்று பத்தாகிப் பத்து நூறாகி அயலாரைக் கொட்டும் இயல்பினது. வெட்டியெறிய முயலாதீர், அறுந்த துண்டும் முளைக்கும்.

மூன்றாவது வகையைப் பற்றி வீட்டிலே பிள்ளைகள் உள்ளோர் நன்கு கருதவேண்டும். தோல் தடித்து, ஓரத்தில் குறுங்கொம்புகள் சூழ, பொத்தான்கள் போல் கும்பலாய் வளர்வன சில உண்டு. அவற்றுக்குக் கல்லெலும்பு இல்லை. அவற்றுட் சிலவற்றிலே பாலிடொக்சின் என்னும் கொடிய நஞ்சு உளது. இவை ஒட்டிய கல்லைக் கொதிநீரில் இடுவதோ, தூரிகையாற் தேய்ப்பதோ கூடவே கூடாது. ஆவியும் திவலையும் மூச்சில் ஏறும். 2018-இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்போட்சயரில் ஒருவர் தம் தொட்டியின் முருகையைச் சுத்தஞ்செய்யப் புகுந்து, குடும்பத்தோடு மருத்துவமனை சேர நேர்ந்தது. கையுறையின்றி எதனையும் தொடாதீர்.

இனிப் பராமரிப்பு. நேயரின் நடமாடிக்குப் பாறை வேண்டாம், நுண்மணல் வேண்டும். பாறைமேல் ஏற்றினால் புழு பட்டினி கிடக்கும். உவர்த்தன்மை கடலில் உள்ளபடி ஆயிரத்தில் 35 பங்கு, வெப்பநிலை 25 முதல் 27 பாகை செல்சியஸ், ஒரு லீற்றர் நீரில் ஏறக்குறைய 400 மில்லிகிராம் கல்சியம். ஆவியாகிக் குறைந்த நீரை நன்னீரால் நிரப்புக. உப்புநீரால் நிரப்பின் உப்பு ஏறிக்கொண்டே போகும். மீன் நோய்க்கென விற்கும் செப்பு மருந்து ஒரு துளி விழினும் முருகைக்கு முடிவு. கபில நிறம் கொண்டதாயின் உடலினுள் அல்கா வாழ்கின்றது, ஒளி வேண்டும். செம்மஞ்சள் நிறச் சூரியமுருகையாயின் அல்கா இல்லை. ஒளி எவ்வளவு கொடுப்பினும் பயனில்லை, இரவிலே நுண்ணிய இறால் துணுக்கு ஊட்டவேண்டும். ஒன்றினருகே மற்றொன்றை வைக்கலாகாது. இரவில் நீண்ட கொம்புகளை வீசி அயலானைச் சுடும்.

இவ்வளவும் கூறியபின், நேயருக்கு நமது கருத்து வேறு. முருகைக் கல்லை அகழ்வதும் சேர்ப்பதும் வைத்திருப்பதும் நம் நாட்டில் தடுக்கப்பட்டவை. கரையோரப் பேணற் சட்டத்துக்கு 1988-இல் வந்த திருத்தம் இதனைச் செய்தது. எதிர்க்கரையில் இந்திய அரசும் 2001 முதல் கன்முருகைகளை வனவிலங்குச் சட்டத்தின் முதலாம் அட்டவணையிற் சேர்த்தது. சுண்ணாம்புச் சூளைக்குப் போன முருகையின் கணக்கையும், 1998-இன் வெப்பத்தில் வெளிறி மாண்டவற்றையும் நினைப்போர், வலையில் தவறி ஏறியதைக் கூட வீட்டுக்குக் கொண்டுபோகத் தயங்குவர். ஆதலின், அந்நேயரின் தொட்டியில் வேற்றிடத்து உயிர்கள் எவையும் இல்லையாயின், காலந்தாழ்த்தாது வலை இழுத்த அதே கரையில், வள்ளக்காரர் ஒருவர் துணையோடு, மணற்றரை உள்ள ஆழத்தில் அதனை இறக்கிவிடுக.

கடையில் வாங்கிய கல்லோடு வந்ததாயின் அவ்வாறு செய்யவே கூடாது. நம் சமுத்திரங்களுக்கு உரிய சூரியமுருகை கப்பலடியில் ஒட்டிப் போயிற்று என்பர். 1943-இல் கரிபியன் கடலில் அறியப்பட்டு, பின்னர் பிரேசில் வரை பரவி, ஆங்குள்ள முருகைகளை நெருக்கிக்கொண்டிருக்கின்றது. அத்தகைய விருந்தாளியைத் தொட்டியிலேயே வைத்துப் பேணுக. தொட்டி நீரையும் கடலில் ஊற்றற்க.