முறுக்குத் தட்டில் தொடங்கட்டும் கணக்கு

பாலர் பள்ளிக்குச் செல்லும் தம்பி, தங்கைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு பல வீடுகளில் அண்ணன், அக்காவிடம் வந்துசேர்கிறது. உடனே ஒரு பயிற்சி நூலைத் திறந்து வைக்கிறோம். இல்லையென்றால் கைத்தொலைபேசியில் ஏதாவது ஒரு செயலியைப் போட்டுக் கையில் கொடுக்கிறோம். இரண்டையும் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, பண்டிகைக் காலத்தைக் கணக்குப் பாடமாக்கலாம் என்பது என் கருத்து.

சிங்கப்பூரில் 1980களிலிருந்து பின்பற்றப்படும் கணிதக் கற்பித்தல் முறையில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பொருள், அடுத்து படம், கடைசியில்தான் எண்ணும் குறியும். அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனரின் சிந்தனையை ஒட்டி அமைந்த முறை இது. ஐந்து வயதுப் பிள்ளையிடம் '8 – 3' என்று எழுதிக் காட்டுவது கடைசிப் படியில் ஏற்றிவிடுவதற்குச் சமம். அந்தப் பிள்ளை விடையை மனப்பாடம் செய்யலாம். ஆனால் கேள்வி சற்று மாறினாலும் திணறும். தீபாவளிக்கு எட்டு முறுக்குகளைத் தட்டில் எண்ணி வைக்கச் சொல்லி, பக்கத்து வீட்டுக்கு மூன்று கொடுத்தால் மீதி எத்தனை என்று கேளுங்கள். அதுதான் முதல் படி.

கழித்தல் என்றால் எடுத்துவிடுவது மட்டுமன்று. "வாசலில் எட்டு அகல்விளக்கு வைக்கவேண்டும். ஐந்துதான் இருக்கிறது. இன்னும் எத்தனை வேண்டும்?" இதுவும் கழித்தல்தான். "உன்னிடம் ஆறு அங்பாவ், அக்காவிடம் நான்கு. உன்னிடம் எத்தனை அதிகம்?" இதுவும் அதுவே. சீனப் புத்தாண்டுக்கு இரண்டு ஆரஞ்சுப் பழங்களைக் கொடுத்து, பதிலுக்கு இரண்டு பெற்றுத் திரும்பும் வழக்கத்தைப் பாருங்கள். கழித்ததைக் கூட்டினால் பழைய எண்ணே வரும் என்பதைப் பிள்ளை கையாலேயே உணரும்.

இதைத் தமிழில் செய்யவேண்டும் என்பது என் அடுத்த வேண்டுகோள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளில் பலர், எண் என்று வந்ததும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார்கள். ஆனால், பதினொன்று என்ற சொல்லிலேயே பத்தும் ஒன்றும் இருக்கின்றன. இருபது என்றால் இரண்டு பத்து. ஆங்கிலத்தின் 'இலெவன்' இப்படி எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. பத்துக்குமேல் கூட்டக் கற்கும் பிள்ளைக்கு நம் மொழி தரும் உதவி இது. அதை ஏன் வீணாக்கவேண்டும்?

பள்ளியில் ஆசிரியர்கள் சொல்லித்தருகிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால், ஒரு பிள்ளை மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும்போது, பொறுமையாக உடன் உட்கார்ந்திருக்க வீட்டில் ஒருவரால் முடியும். பிள்ளை தவறாகச் சொன்னால் விடையைச் சொல்லிவிடாதீர்கள். "இன்னொரு முறை எண்ணிப் பார்" என்றால் போதும். பயிற்சி நூலும் வேண்டியதுதான், அதற்குரிய நேரத்தில்.

ஆண்டிறுதி விடுமுறையில் நாளுக்குப் பத்து நிமிடம் நம்மால் ஒதுக்க முடியாதா? தொடக்கநிலை ஒன்றில் காலடி வைக்கும்போது, கணக்கு என்றால் பயம் என்று அல்லாமல் அக்காவோடு முறுக்கு எண்ணியது தங்கையின் நினைவுக்கு வரட்டும்.