சில்லுப் பைக்கு எதிராக

கடற்கரை மணலில் சில்லு உருளாது. இந்த எளிய உண்மையை அறிந்துகொள்ள எனக்கு ஐம்பது வயது கடக்கவேண்டியிருந்தது. நிலாவெளியில் ஒரு முற்பகலும் தேவைப்பட்டது.

ரொறன்ரோவில் வாழும் எனது தமக்கையின் மகன் சுழியோடுவதில் பெருவிருப்புள்ளவர். கிழக்குக் கடல் தெளிந்திருக்கும் ஓகஸ்ட் மாதத்தில் புறாத்தீவுப் பக்கம் இறங்கிப் பார்க்கவென வந்திருந்தார். அவருடன் ஒரு பையும் வந்தது. இழுகைப்பிடி, சில்லுகள், தடித்த அடித்தட்டு, பதினொரு அறைகள். வெறும் பையே ஐந்து கிலோ. முச்சக்கரவண்டி நின்ற இடத்திலிருந்து படகுவரை அதனை இரண்டு பையன்கள் தலையிலும் தோளிலுமாகச் சுமந்தார்கள். சில்லுகள் ஆகாயத்தைப் பார்த்தபடி சென்றன. பின்னால் வெறுங்கையை வீசிக்கொண்டு நடந்தவர்களில் நானும் ஒருவன்.

சுழியோடிக்கென்றே செய்யப்பட்ட பை, எல்லாவற்றையும் ஒன்றாக அடக்கும் பை என்று சொல்லித்தான் இவற்றை விற்கிறார்கள். எல்லாவற்றையும் ஏன் ஒன்றாக அடக்கவேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. காற்றுச் சிலிண்டரையும் ஈயக் கட்டிகளையும் எவரும் விமானத்தில் காவிச் செல்வதில்லை. அவை போகுமிடத்தில் வாடகைக்குக் கிடைக்கும். எஞ்சுபவை முகக்கண்ணாடி, கால்துடுப்பு, இறப்பர் உடை, மிதவை அங்கி, மூச்சுவிட உதவும் ரெகுலேற்றர். கூட்டிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு கிலோ வரும். அதற்கு ஐந்து கிலோ உறையா?

ரெகுலேற்றரை அந்தப் பைக்குள் போடுவதே தவறு. கால்துடுப்புத் தொலைந்தால் இரவல் வாங்கலாம். நீருக்கடியில் நமது மூச்சு தங்கியிருக்கும் கருவியைப் பொதி எறிபவர்களின் கையில் ஒப்படைப்பது என்ன நியாயம்? அது கைப்பையில் வரவேண்டும். முகக்கண்ணாடியும் அப்படியே. மின்சூளின் உதிரி லிதியம் மின்கலங்களைக் கைப்பையில்தான் கொண்டுபோகவேண்டும் என்பது விமான விதி. கத்தி மட்டும் பெரும்பொதிக்குள் போகட்டும். எனது தமக்கை மகனோ எல்லாவற்றையும் ஒரே பைக்குள் திணித்து, ரெகுலேற்றரின் வாய்ப்பகுதி துடுப்பின் கீழ் நசுங்கிய நிலையில் கொண்டுவந்திருந்தார்.

சுழியோடி முடிந்த பின்புதான் பையின் உண்மையான குணம் தெரியும். உப்புநீரில் தோய்ந்த உடையை மூடிய பைக்குள் வைத்தால் நீர் எங்கே போகும்? மறுநாட் காலை அதனைத் திறந்தபோது எழுந்த நாற்றத்தை இங்கே விபரிக்க விரும்பவில்லை. உப்புப் படிந்து சிப்பின் பற்கள் இறுகிவிடும், உடையில் பூஞ்சணம் பிடிக்கும். வலைப்பை என்றால் நீர் தானாகவே வடிந்துவிடும். பையோடு சேர்த்து நல்ல தண்ணீரில் அமிழ்த்தி எடுக்கலாம். வெறுமையானதும் சுருட்டிப் படகின் மூலையில் செருகலாம். அதன் எடை ஒரு கிலோவும் வராது. முகக்கண்ணாடியை அது காக்காது என்பது உண்மை. அதற்கொரு பெட்டி போதும்.

முதுகுவலிக்காரர் என்ன செய்வது என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. வீட்டில் இருக்கும் சாதாரணச் சில்லுப் பெட்டிக்குள் வலைப்பையை வைத்துக் கொண்டுபோகலாம். உள்ளே விலையுயர்ந்த பொருள் இருக்கிறது என்று கள்வனுக்கு விளம்பரம் செய்யும் பெயர்ப்பொறிப்பும் அதில் இராது.

நிற்க. எங்கள் கரைகளில் சங்கும் அட்டையும் எடுக்கும் சுழியோடிகளின் பை வெற்று உரப்பைதான். வறுமையை அழகுபடுத்த இதனைச் சொல்லவில்லை. ஆழத்திலிருந்து விரைந்து மேலெழுந்ததால் குருதியில் நைதரசன் குமிழ்கள் உண்டாகி, இடுப்பின் கீழ் உணர்விழந்து கிடந்த ஒருவரைச் செய்திக்காகச் சந்தித்திருக்கிறேன். எத்தனை பாகத்தில் எவ்வளவு நேரம் நின்றோம் என்று காட்ட அவரிடம் எந்தக் கருவியும் இருக்கவில்லை. வாங்க வசதியும் இருக்கவில்லை.

வசதியிருந்த எங்கள் பிள்ளையிடமும் அது இருக்கவில்லை என்பதே எனது கோபம். ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுச் சொல்லும் மணிக்கட்டுக் கணினியை அவர் அங்கேதான் இரவல் வாங்கினார். காலையில் ஒன்று, பிற்பகலில் வேறொன்று. காலையில் அவர் உடலில் சேர்ந்த நைதரசனைப் பற்றிப் பிற்பகற் கருவிக்கு என்ன தெரியும்? பல தடவை சுழியோடியவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணித்தியாலம் காத்திருக்கவேண்டும் என்ற கணக்கையும் நாங்கள் விரல்மடித்தே பார்த்தோம். பைக்குக் கொடுத்த பணத்தில் வலைப்பை ஒன்றும் எளிய கணினி ஒன்றும் வாங்கியிருக்கலாம் என்று நான் சொன்னபோது, கடைக்காரர் அப்படிச் சொல்லவில்லையே மாமா என்றார்.

திரும்பிப் போகும்போது எடை கூடிவிடும் என்று அந்தப் பையை எங்கள் வீட்டிலேயே விட்டுச் சென்றார். இப்போது எனது மனைவி அதில் பழைய போர்வைகளை வைத்திருக்கிறார். சீமெந்துத் தரையில் நன்றாகத்தான் உருளுகிறது.